மூன்றாம் நாளில் கானுலாவை மாற்ற வேண்டுமா? ஆய்வு முடிவுகள் செவிலியர் பணிக்கு வரும் வழி

இரவுப் பணியில் இருக்கும் செவிலியர் ஒருவர், வயது முதிர்ந்த நோயாளியின் கையில் மருந்து ஏற்றுவதற்காக இரத்த நாளத்துக்குள் பொருத்தப்பட்டிருக்கும் கானுலா என்ற மெல்லிய குழாயைப் பார்க்கிறார். அதைப் பொருத்தி மூன்று நாள் முடிந்துவிட்டது. வலி இல்லை, வீக்கம் இல்லை, சிவப்பு இல்லை, மருந்தும் தடையின்றி இறங்குகிறது. ஆனால் மூன்று நாள் ஆனதும் அதை எடுத்துவிட்டு வேறோர் இடத்தில் புதிதாகக் குத்த வேண்டும் என்பது அந்த வார்டின் விதி. நோயாளிக்கோ ஊசி குத்த ஏற்ற நரம்பு, அதாவது இரத்த நாளம், கிடைப்பதே அரிது. சென்ற முறை நான்கு இடங்களில் முயன்ற பிறகுதான் ஒன்று கிடைத்தது. செவிலியர் விதிப்படி செய்துவிட்டு அடுத்த படுக்கைக்குப் போகலாம். அல்லது, இந்த விதி எங்கிருந்து வந்தது, இதனால் இந்த நோயாளிக்கு நன்மை உண்டா என்று கேட்கலாம். ஆய்வு முடிவுகளை அன்றாடப் பணியில் பயன்படுத்துதல் என்று பெரிதாகப் பேசப்படும் செயல், இப்படி ஒரு படுக்கையருகே எழும் கேள்வியில்தான் தொடங்குகிறது.

இதற்குச் சான்று அடிப்படையிலான செவிலியப் பணி என்று பெயர். டேவிட் சாக்கெட் என்ற மருத்துவரும் அவருடன் பணியாற்றியவர்களும் 1996இல் எழுதிய விளக்கம் இத்துறையில் இன்றும் அடித்தளமாக இருக்கிறது. கிடைக்கக்கூடிய சான்றுகளில் மிகச் சிறந்ததை, சிகிச்சை தருபவரின் அனுபவ அறிவோடு இணைத்து, ஒவ்வொரு நோயாளியின் பராமரிப்பிலும் பயன்படுத்துவது என்பது அதன் சாரம். நோயாளியின் விருப்பமும் சூழ்நிலையும் இதில் சேர வேண்டும் என்பதையும் அவர்கள் வலியுறுத்தினார்கள். ஆகவே ஆய்வுக் கட்டுரை சொல்வதை அப்படியே செய்வது இதன் பொருள் அன்று. அனுபவத்தை ஒதுக்கிவிட்டுக் காகிதத்தை நம்புவதும் அன்று. சான்று, அனுபவம், நோயாளி ஆகிய மூன்றையும் ஒரே முடிவுக்குள் கொண்டுவரும் திறமையே இது. அந்தத் திறமை பயிற்சியால் வரக்கூடியது.

ஒரு கானுலாவும் இரண்டு ஆய்வுகளும்

இரத்த நாளத்துக்குள் குழாய் எவ்வளவு நாள் இருக்கிறதோ அவ்வளவுக்கு நாள அழற்சியும் (நாளம் சிவந்து வீங்கி வலிப்பது) தொற்றும் கூடும் என்ற கணிப்பிலிருந்து, குறித்த நாளில் கானுலாவை மாற்றும் விதி பிறந்தது. கேட்பதற்கு அது நியாயமாகவே தோன்றும். ஆனால் நியாயமாகத் தோன்றுவது வேறு, சோதித்து அறிந்தது வேறு. ஆஸ்திரேலியாவில் செவிலியர் ஆய்வாளரான கிளேர் ரிக்கார்டின் தலைமையில் நடந்து 2012இல் வெளிவந்த ஆய்வு இதைச் சோதித்தது. 3,283 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரு குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு மூன்றாம் நாளில் கட்டாயம் கானுலா மாற்றப்பட்டது. மற்றொரு குழுவுக்கு வலி, வீக்கம், அடைப்பு போன்ற அறிகுறி தென்பட்டால் மட்டும் மாற்றப்பட்டது. இரு குழுக்களிலும் நாள அழற்சி ஏறத்தாழ 7 விழுக்காட்டினருக்கே வந்தது. கட்டாயமாக மாற்றியதால் அழற்சி குறையவில்லை. நோயாளிகளுக்குக் கூடுதலாகக் குத்து விழுந்ததுதான் மிச்சம்.

குலுக்கல் முறையில் பிரிப்பது ஏன் இவ்வளவு முக்கியம் என்பதைத் தொடக்க நிலையிலேயே புரிந்துகொள்வது நல்லது. யாருக்குக் கானுலாவை விட்டுவைப்பது, யாருக்கு மாற்றுவது என்பதைச் செவிலியரே தேர்ந்தெடுத்தால், நல்ல நரம்பு உள்ளவர்கள் ஒரு பக்கமும் நலிந்தவர்கள் மறுபக்கமும் சேர்ந்துவிடக்கூடும். பிறகு இரு குழுக்களுக்கும் இடையே தெரியும் வேறுபாடு, மாற்றியதால் வந்ததா, நோயாளிகளின் தன்மையால் வந்ததா என்று பிரிக்க இயலாது. தேர்வைத் தற்செயலிடம் விட்டுவிட்டால், தெரிந்த வேறுபாடுகளும் தெரியாத வேறுபாடுகளும் இரு பக்கமும் ஏறத்தாழச் சமமாகப் பரவும்.

கதை இத்துடன் முடிந்திருந்தால் எளிதாக இருந்திருக்கும். சுவிட்சர்லாந்தின் ஜெனீவாவில் உள்ள பல்கலைக்கழக மருத்துவமனைகள், அதுவரை 96 மணி நேரத்துக்கு ஒருமுறை கானுலாவை மாற்றி வந்த வழக்கத்தை 2018இல் கைவிட்டு, தேவைப்படும்போது மட்டும் மாற்றுவது என்ற முறைக்கு மாறின. தொற்றுகளை அவர்கள் தொடர்ந்து எண்ணிக்கொண்டே இருந்தார்கள். பழைய முறையில் சுமார் 2.4 லட்சம் கானுலாக்களுக்கு 11 இரத்த ஓட்டத் தொற்றுகள் பதிவாகியிருந்தன. புதிய முறையில் சுமார் 1.3 லட்சம் கானுலாக்களுக்கு 46 தொற்றுகள் வந்தன. 2019இல் பழைய முறைக்கே திரும்பினார்கள். தொற்றும் பழைய அளவுக்கு இறங்கியது. இந்த முடிவுகள் 2021இல் வெளிவந்தன.

அப்படியானால் முதல் ஆய்வு தவறா? இல்லை. இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிப்பது, ஆய்வை வாசிப்பது எப்படி என்பதற்கு நான் அறிந்தவற்றில் மிகச் சிறந்த பாடம். ஜெனீவாவின் எண்களை வகுத்துப் பார்த்தால், பழைய முறையில் சுமார் 22,000 கானுலாவுக்கு ஒன்று, புதிய முறையில் சுமார் 2,800 கானுலாவுக்கு ஒன்று என்று வருகிறது. இவ்வளவு அரிதாக நிகழும் ஒன்றை, மூவாயிரத்துச் சொச்சம் நோயாளிகளைக் கொண்ட ஆய்வால் ஒப்பிட்டுச் சொல்லவே இயலாது. அது நாள அழற்சியைக் கண்டறியப் போதுமான அளவில் அமைக்கப்பட்ட ஆய்வு. அந்தக் கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொன்னது. மறுபுறம், ஜெனீவாவில் குலுக்கல் இல்லை. முன்பு, பின்பு என்ற ஒப்பீடு மட்டுமே. அந்தக் காலத்தில் வேறு ஏதேனும் மாறியிருந்தால் அதுவும் கணக்கில் கலந்திருக்கும். ஆனாலும் பழைய முறைக்குத் திரும்பியதும் தொற்று இறங்கியது அந்த ஐயத்தைப் பெருமளவு குறைக்கிறது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். தேவைப்படும்போது மட்டும் மாற்றுவது என்ற முறை, ஒவ்வொரு ஷிஃப்டிலும் ஒருவர் கானுலாவின் மேல் போட்ட கட்டைப் பார்த்து, தோலைத் தொட்டு, நோயாளியிடம் வலி உண்டா என்று கேட்பார் என்ற நம்பிக்கையின் மேல் நிற்கிறது. ஆய்வுக்காகச் சிறப்பாகக் கண்காணிக்கப்பட்ட நோயாளிகளிடம் கிடைத்த முடிவு, கண்காணிப்பு தளர்ந்த வார்டில் அப்படியே கிடைக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. ஆய்வின் முடிவை மட்டும் எடுத்துக்கொண்டு, அந்த முடிவைச் சாத்தியமாக்கிய பராமரிப்பை விட்டுவிடுவது, மருந்தை வாங்கிக்கொண்டு அளவுச் சீட்டைத் தூக்கி எறிவது போன்றது.

இதே எண்கள் இன்னொரு பழக்கத்தையும் கற்றுத் தருகின்றன. தொற்று ஏழு மடங்குக்கு மேல் ஆனது என்று சொன்னால் அச்சம் வருகிறது. 22,000இல் ஒன்று என்பது 2,800இல் ஒன்று ஆனது என்று சொன்னால், ஆபத்து இன்னும் அரிதே என்பதும் விளங்குகிறது. இரண்டும் உண்மை. மடங்கைச் சொல்லும் கட்டுரையைப் படிக்கும்போது, எத்தனை பேரில் எத்தனை பேருக்கு என்ற எண்ணையும் தேடிப் பார்க்காமல் முடிவுக்கு வரக்கூடாது.

கேள்வியை எப்படி அமைப்பது, பதிலை எங்கே தேடுவது

மனத்தில் எழும் ஐயம் பெரும்பாலும் மங்கலாகவே இருக்கும். அதைத் தேடக்கூடிய கேள்வியாக மாற்ற நான்கு கூறுகளைக் குறித்துக்கொள்ளச் சொல்வார்கள்: எந்த நோயாளி, என்ன செயல், எதனோடு ஒப்பீடு, என்ன விளைவு. ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து இதைப் பைக்கோ (PICO) என்பர். படுக்கைப் புண்ணைத் தடுப்பது எப்படி என்பது மங்கலான கேள்வி. தானாகத் திரும்பிப் படுக்க இயலாத முதியவரை, நல்ல நுரைமெத்தையில் நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைத்தால், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்புவதை விடப் புண் அதிகமாக வருமா என்பது பதில் தேடக்கூடிய கேள்வி. இப்படியே கேட்டு, அமெரிக்காவிலும் கனடாவிலும் உள்ள முதியோர் பராமரிப்பு இல்லங்களில் நடத்தப்பட்ட ஒரு சோதனை 2013இல் வெளிவந்தது. இரண்டு, மூன்று, நான்கு மணி நேர இடைவெளிகளுக்கிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. ஆனால் அங்கே எல்லோருக்கும் அடர்த்தியான நுரைமெத்தை தரப்பட்டிருந்தது என்பதை மறந்துவிட்டு, பழைய மெத்தையுள்ள வார்டில் இடைவெளியை நீட்டினால் நோயாளிதான் துன்பப்படுவார்.

தேடும்போது தனிப்பட்ட ஆய்வுகளிலிருந்து தொடங்குவதை விட மேலிருந்து கீழாக வருவது நேரத்தை மிச்சப்படுத்தும். முதலில், உலக சுகாதார நிறுவனம் போன்ற பொறுப்பான அமைப்பு வெளியிட்ட அண்மைக்கால வழிகாட்டி உண்டா என்று பார்க்கலாம். அது இல்லாவிட்டால் முறையான தொகுப்பாய்வைத் தேடலாம். ஒரே கேள்வியை ஆராய்ந்த எல்லா ஆய்வுகளையும் முன்கூட்டி வகுத்த விதிகளின்படி திரட்டி, தரம் பார்த்து, சேர்த்து எடைபோடும் பணி அது. 1993இல் தொடங்கப்பட்ட காக்ரேன் அமைப்பின் தொகுப்பாய்வுகள் இதில் பெயர் பெற்றவை. செவிலியப் பணிக்கென்றே பார்த்தால், ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் 1996இல் உருவான ஜோவன்னா பிரிக்ஸ் நிறுவனமும் பயன்தரும். இவை எதுவும் கைகொடுக்காதபோது தனி ஆய்வுகளுக்கு வரலாம். வழிகாட்டிகள் பெரும்பாலும் தம் சான்றின் உறுதியை உயர்வு, நடுத்தரம், குறைவு, மிகக் குறைவு என்று நான்காகத் தரம் பிரித்துச் சொல்கின்றன. உறுதி குறைவு என்ற குறிப்பைப் பார்த்ததும் அந்தப் பரிந்துரையையே தள்ளிவிட வேண்டியதில்லை. நாளை மாறக்கூடும் என்ற விழிப்போடு அதைப் பின்பற்றலாம்.

புள்ளியியல் தெரியாதே என்ற தயக்கம் பலருக்கும் உண்டு. தொடக்கத்தில் அதன் சூத்திரங்கள் தேவையில்லை. அந்த ஆய்வின் நோயாளிகள் என் நோயாளிகளைப் போன்றவர்களா? ஒப்பிடப்பட்ட குழு எது? எத்தனை பேரில் தொடங்கி எத்தனை பேரில் முடித்தார்கள், இடையில் விலகியவர்கள் எங்கே போனார்கள்? அளந்த விளைவு நோயாளிக்குப் பொருட்படுத்தத்தக்கதா? இந்தக் கேள்விகளுடன் ஒரு கட்டுரையின் வழிமுறைப் பகுதியையும், வழக்கமாக நோயாளிகளின் விவரம் தரும் முதல் அட்டவணையையும் பார்த்தாலே பாதித் தெளிவு வந்துவிடும். சுருக்கத்தையும் முடிவுரையையும் மட்டும் படிப்பவருக்கு அந்தத் தெளிவு வராது.

அறிவு இருந்தும் வழக்கம் ஏன் மாறுவதில்லை

வியன்னாவில் 1847ஆம் ஆண்டு ஏப்ரலில், மருத்துவர்களும் மருத்துவ மாணவர்களும் மகப்பேறு பார்த்த வார்டில் தாய்மாரில் நூற்றுக்குப் பதினெட்டுப் பேர் இறந்தார்கள். பிணக்கூறாய்வு செய்த கையோடு அவர்கள் பிரசவம் பார்க்க வருவதே காரணம் என்று கண்ட இக்னாஸ் செம்மல்வைஸ் என்ற மருத்துவர், குளோரின் கலந்த சுண்ணாம்புக் கரைசலில் கையைக் கழுவச் செய்தார். ஜூன் மாதத்தில் இறப்பு நூற்றுக்கு ஏறத்தாழ இரண்டாக இறங்கியது. இதைவிடத் தெளிவான முடிவு வேறென்ன வேண்டும்? ஆயினும் சக மருத்துவர்கள் பலர் அதை ஏற்கவில்லை; கை கழுவுதல் பொது வழக்கமாகப் பல பத்தாண்டுகள் ஆயின. உண்மையைக் கண்டுபிடிப்பதும் அதை வழக்கமாக்குவதும் இரு வேறு பணிகள். இரண்டாவதற்குத் தனியான திட்டமும் உழைப்பும் வேண்டும்.

செவிலியர்களைப் பொறுத்தவரை தடை எங்கே இருக்கிறது என்று அவர்களிடமே கேட்டறிந்த ஆய்வு ஒன்றை, அமெரிக்காவில் சாண்ட்ரா ஃபங்க்கும் அவருடன் பணியாற்றியோரும் 1991இல் வெளியிட்டார்கள். ஒரு நடைமுறையை மாற்றும் அதிகாரம் தமக்கு இல்லை என்ற உணர்வும், புதியதைச் செய்துபார்க்கப் பணியிடத்தில் நேரமின்மையும் தடைகளில் முன்னணியில் நின்றன. செவிலியர்கள் படிப்பதில்லை, ஆர்வம் காட்டுவதில்லை என்று எளிதாகக் குறை சொல்பவர்கள் இந்த முடிவைக் கருத்தில் கொள்ள வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். ஒரு ஷிஃப்டில் மூச்சுவிட நேரமின்றி ஓடுபவரிடம் கட்டுரையைக் கொடுத்துப் படிக்கச் சொல்வது உதவி ஆகாது. பணி நேரத்திலேயே அதற்கென ஒதுக்கிய ஒரு மணி நேரமும், கேட்ட கேள்விக்குப் பதில் தரக் கடமைப்பட்ட ஒரு மேலாளரும் உதவி ஆவார்கள்.

பழக்கத்தின் பிடியும் லேசானதன்று. மூக்கு வழியாகச் செலுத்திய உணவுக் குழாய் இரைப்பையில்தான் இருக்கிறதா என்று பார்க்க, ஊசிக்குழல் மூலம் காற்றைச் செலுத்தி, வயிற்றின் மேல் ஸ்டெத்தஸ்கோப் வைத்துச் சத்தம் கேட்பது நெடுங்கால வழக்கம். குழாய் நுரையீரல் பக்கம் தவறிப் போயிருந்தாலும் அதே போன்ற சத்தம் கேட்கக்கூடும் என்பதால் இந்த முறையை நம்பக்கூடாது என்று பிரிட்டனின் நோயாளிப் பாதுகாப்பு அமைப்பு 2005இலேயே அறிவுறுத்தியது. குழாய் வழியே உறிஞ்சியெடுத்த திரவத்தின் அமிலத்தன்மையைச் சோதனைத் தாளில் பார்த்து, அளவு 5.5 அல்லது அதற்குக் கீழ் இருப்பதை உறுதிசெய்வதும், அது முடியாதபோது எக்ஸ்ரே எடுப்பதும் அதற்கு மாற்று. ஆனால் சத்தம் கேட்டு உணவு கொடுத்த ஆயிரம் முறையும் நல்லபடியாக முடிந்த ஒருவருக்கு, ஆயிரத்தோராவது முறை நேரக்கூடிய ஆபத்து கண்ணில் படுவதில்லை. தவிர, சோதனைத் தாள் வார்டில் இருந்தால்தானே பயன்படுத்த முடியும்? புதிய வழக்கத்தை அறிவிக்கும் சுற்றறிக்கை வந்து, அதற்கான பொருள் வராமல் போனால், செவிலியர் பழைய வழிக்கே திரும்புவார். அதை அவர் பிழை என்று சொல்ல முடியாது.

மாற்றத்தை வார்டில் நிலைநிறுத்துவது

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட தீவிர சிகிச்சைப் பிரிவுகள் சேர்ந்து செய்த முயற்சி 2006இல் வெளியானது. உடலின் பெரிய இரத்த நாளத்துக்குள் செருகப்படும் பெருநாளக் குழாய்களால் வரும் இரத்தத் தொற்றைக் குறைக்க அவர்கள் புதிய மருந்து எதையும் கொண்டுவரவில்லை. கை கழுவுதல், குழாய் செருகும்போது முழுத் தடுப்பு உடையும் விரிப்பும், தோலைக் குளோர்ஹெக்ஸிடின் என்ற கிருமிநாசினியால் துடைத்தல், இயன்றவரை தொடைப் பகுதியைத் தவிர்த்தல், தேவையற்ற குழாயை உடனே எடுத்தல் என்ற ஐந்தும் முன்பே அறியப்பட்டவை. புதிதாகச் செய்தது வேறு. தேவையான பொருள்கள் எல்லாவற்றையும் ஒரே தள்ளுவண்டியில் அடுக்கினார்கள். சரிபார்ப்புப் பட்டியல் வைத்தார்கள். மருத்துவர் ஒரு படியைத் தவறவிட்டால், அவசர நிலை அல்லாதபோது அந்தச் செயலை நிறுத்தும் உரிமையைச் செவிலியருக்குக் கொடுத்தார்கள். ஆயிரம் குழாய் நாள்களுக்கு (ஒரு குழாய் ஒரு நாள் இருப்பது ஒரு குழாய் நாள்) சராசரியாக 7.7 ஆக இருந்த தொற்று, ஒன்றரை ஆண்டில் 1.4 ஆனது. இதில் என்னை மிகவும் கவர்வது அந்த நிறுத்தும் உரிமைதான். 1991இல் செவிலியர்கள் இல்லையென்று சொன்ன அதிகாரத்தை இங்கே எழுத்து வடிவில் கொடுத்துவிட்டார்கள்.

இங்கிலாந்தில் இதே திட்டத்தைப் பின்னர் செயல்படுத்தியபோதும் தொற்று குறைந்தது. ஆனால் அப்போது இன்னும் திட்டத்தில் சேராத பிரிவுகளிலும் ஒத்த அளவில் குறைந்திருந்ததால், எவ்வளவு பங்கு திட்டத்தினுடையது என்று பிரித்துச் சொல்ல முடியாமல் போனது. ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு இருந்ததால்தான் இது தெரியவந்தது.

உங்கள் வார்டில் ஒரு மாற்றத்தைத் தொடங்குவதாக இருந்தால், சிறிதாகத் தொடங்குவதே அறிவுடைமை. அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழக மருத்துவமனையில் உருவாகி 1994இல் வெளிவந்த அயோவா மாதிரி இதையே சொல்கிறது: கேள்வி முக்கியமானதா என்று பாருங்கள், சான்று போதுமா என்று பாருங்கள், போதுமென்றால் ஒரே பிரிவில் சோதித்துப் பார்த்துப் பிறகு விரிவாக்குங்கள். மாற்றத்துக்கு முன்பே எண்ணத் தொடங்குவது இன்றியமையாதது. எத்தனை கானுலாக்கள், எத்தனை அழற்சிகள் என்ற பழைய கணக்கு கையில் இல்லாவிட்டால், ஆறு மாதம் கழித்து நிலைமை முன்னேறியதா பின்னடைந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது. ஜெனீவாவில் எண்ணிக்கொண்டே இருந்ததால்தான் தவறைக் கண்டு திரும்ப முடிந்தது.

மாற்றத்தை முன்னெடுக்க ஒருவர் வேண்டும். அவர் பதவியில் உயர்ந்தவராக இருக்க வேண்டும் என்பதில்லை. வார்டில் மற்றவர்கள் மதிக்கும், கேள்விக்குச் சலிக்காமல் பதில் சொல்லும் சக செவிலியராக இருப்பதே மேல். மாதம் ஒருமுறை கட்டுரை வாசிக்கும் கூட்டம் நடத்துவது நல்ல பழக்கம்தான். ஆனால் வாசித்து முடித்ததும், நாம் எதை மாற்றப் போகிறோம், எதை மாற்றாமல் விடப் போகிறோம், யார் எப்போது பார்ப்பது என்ற முடிவு எழுதப்படாவிட்டால், அது தேர்வுக்குப் படிப்பது போலாகிவிடும்.

முதலில் பார்த்த செவிலியரிடம் திரும்புவோம். இன்றிரவு அவர் தனியாக வார்டு விதியை மீற வேண்டியதில்லை, மீறவும் கூடாது. கானுலா இருக்கும் இடத்தை 0 முதல் 5 வரையிலான நாள அழற்சி அளவுகோலில் மதிப்பிட்டு, எண்ணைக் குறிப்பேட்டில் எழுதலாம். 2 வந்தால் அழற்சி தொடங்கிவிட்டது, கானுலாவை எடுத்தாக வேண்டும். அறிகுறி ஏதும் இல்லையென்றால், நரம்பு கிடைப்பது கடினம் என்பதையும் சேர்த்து மருத்துவரிடம் தெரிவித்து, இந்த நோயாளிக்கு மட்டும் விலக்குக் கேட்கலாம். அப்படிக் கேட்பதற்கு முன், இந்த மருந்தை இனி மாத்திரையாகக் கொடுக்க முடியுமா, கானுலா இன்னும் தேவைதானா என்றும் கேட்கலாம். தேவையில்லாத குழாயை எடுத்துவிட வேண்டும் என்பதில் மேலே சொன்ன ஆய்வுகள் எதற்கும் மாற்றுக் கருத்து இல்லை. காலையில் பணியை ஒப்படைக்கும்போது அந்த எண்ணையும் அந்தக் கேள்வியையும் அடுத்த ஷிஃப்டில் வருபவரிடம் சொல்லிவிட்டுச் செல்லலாம்.